ஏழாம் அத்தியாயம்: கேட்டு வாங்க வேண்டியவை

அறுவை சிகிச்சை எப்போது, கீமோ எத்தனை, கதிர்வீச்சு வேண்டுமா என்பதையெல்லாம் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் ஒரு வருடச் சிகிச்சையில் ஆஸ்பத்திரிக்குள் கழியும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மிகக் கொஞ்சம்தான் தேறும். மற்ற நாட்கள் வீட்டில், சமையல்கட்டில், பஸ்ஸில், தெருமுனைக் கடையில் கழிகின்றன. இந்த அத்தியாயம் அந்த நாட்களைப் பற்றியது. மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு அப்போது மிகவும் தேவைப்படுவது, நம் வீடுகளில் பெண்களுக்குப் பழக்கமே இல்லாத ஒன்று. அது வாயைத் திறந்து கேட்பது. உட்கார இடம், ஒரு வேளை சமையலிலிருந்து விடுப்பு, ரிப்போர்ட்டின் நகல், வேறு கையில் ஊசி, தனியாகத் தைத்த ரவிக்கை, எதுவாக இருந்தாலும் கேட்டால்தான் கிடைக்கும்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டே ஒரு பெண் விடாமல் கேட்டு வாங்கியதுதான். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்தியப் பெண்கள் சங்கத்தின் வழியாக வருடக்கணக்கில் நிதி திரட்டி, அரசாங்கத்தின் கதவைத் தட்டி, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அதைத் திறக்க வைத்தார். அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களில் "அடையாறுக்குப் போயிருக்கா" என்றால் எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கோப்பும் பணமும்

முதலில் ஒரு கோப்பு வாங்குங்கள். பயாப்சி ரிப்போர்ட், ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று பரிசோதனைகளின் முடிவு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறியியல் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு கீமோவிலும் எந்த மருந்து எவ்வளவு ஏறியது என்ற குறிப்பு, இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். "எங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்மா" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளுக்கு வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்கும்போது அந்தக் காகிதம் இதயத்தைக் காப்பாற்றும். எல்லாவற்றையும் போனில் படமாகவும் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். சேரும்போதே காப்பீட்டு மேசையைத் தேடிப் போய்க் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் திரும்பி வராது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையும் பள்ளிக்கரணைப் பக்கம் இருக்கும் நமக்கு எட்டும் தூரம். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர் என்றால் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, தேவையான காலம் சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் உண்டு. சம்பளத்தில் 80 சதவீதம், நீண்ட காலத்துக்கு. துரைப்பாக்கம், பெருங்குடி அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங்கும் கேன்டீன் வேலையும் பார்க்கும் பெண்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து ராஜினாமா எழுதிக் கொடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கீமோ நாட்கள்

கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை. சிலருக்கு வாரா வாரம். போகும்போது பஸ்ஸில் போகலாம், சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அடையாறுக்கு என்றால் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கஸ்தூரிபா நகரில் இறங்குவது சுலபம். திரும்பும்போது மட்டும் ஆட்டோவுக்குக் காசு ஒதுக்கி வையுங்கள். அந்த நிலையங்களில் படிகள் அதிகம். குமட்டலோடு ஏறி இறங்க முடியாது.

சிவப்பு நிற மருந்து ஏறியிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். முதல் இரண்டு நாள் கழிவறைக் கோப்பையை மூடி வைத்து இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வாந்தியைத் துடைக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். அவ்வளவுதான் எச்சரிக்கை. குழந்தைகளைக் கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்க வைக்கலாம். தனித் தட்டு, தனித் தம்ளர் எல்லாம் தேவையே இல்லை. இது தொற்றுகிற நோய் கிடையாது என்று மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டியிருந்தால், அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும். நோயாளி செய்யக் கூடாது.

மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: அந்த நாட்களில் உடல் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால், மணி இரவு இரண்டாக இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை இறக்கும், உள்ளே இருக்கும் தொற்றை ஒன்றும் செய்யாது. சில மணி நேரத்தில் அது ரத்தத்தில் பரவிவிடும். சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரி தூரமென்றால் அருகில் அவசரப் பிரிவு உள்ள ஏதாவது ஒன்றுக்குப் போய், "கீமோ போட்டிருக்கு, ஒன்பதாவது நாள், காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது. வரிசையில் நிற்க வேண்டியிராது.

சாப்பாட்டைப் பற்றி வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஒன்று சொல்வார்கள். சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும், பாலை நிறுத்து, முள் சீத்தாப்பழம் சாப்பிட்டால் கீமோவே வேண்டாம் என்று போனில் வீடியோ வரும். நம்பாதீர்கள். கீமோவின்போது உடலுக்குப் புரதம் வேண்டும். வெந்த முட்டை, மீன் குழம்பு, பருப்பு, சுண்டல், காய்ச்சிய பால் எல்லாம் நல்லதுதான். சூடாகச் சமைத்து அப்போதே சாப்பிடுங்கள். வெள்ளையணு குறைந்த வாரத்தில் பழைய சோறு, ஹோட்டல் சட்னி, வெட்டி வைத்த பழம் மூன்றையும் தள்ளிப் போடுங்கள். வாய் புண்ணானால் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் கொஞ்சம் சமையல் சோடாவும் கரைத்துக் கொப்பளியுங்கள். காரம் குறைத்த ரசம், இட்லி, குழைந்த பருப்புச் சோறு உள்ளே இறங்கும். சித்த மருந்தோ கஷாயமோ எடுப்பதாக இருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் ஈரலில் கீமோ மருந்தோடு மோதும்.

முதல் கீமோவுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட முன்பே மழித்துக்கொள்வது பலருக்கு மனதுக்கு லேசாக இருக்கிறது. நம் ஊரில் மொட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. "திருப்பதியா?" என்று கேட்பவரிடம் ஆமாம் என்றும் சொல்லலாம், உண்மையையும் சொல்லலாம். அன்றைய தெம்பைப் பொறுத்தது. எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

ஐப்பசி, கார்த்திகை

பள்ளிக்கரணைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது மழை. தென்சென்னையின் தண்ணீரெல்லாம் வந்து சேர்கிற சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நாம் குடியிருக்கிறோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே தெருக்களில் படகு ஓடியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. இப்படி ஒரு நாளில் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து வைத்துக்கொள்வது பயந்த சுபாவம் ஆகாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கீமோ விழுந்தால், அட்டவணை போடும் நாளிலேயே டாக்டரிடம் உங்கள் தெருவைச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால், வெள்ளையணு குறையும் அந்த ஒரு வாரம் மேட்டுப் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ முன்கூட்டியே போய்விடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு கிளம்ப முடியாது. கோப்பை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுங்கள். வெள்ளையணுக்களைக் கூட்டும் ஊசியை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், கரண்ட் போனதும் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கிலோ தெர்மோகோல் பெட்டியிலோ மாற்றுங்கள். ஊசி நேரடியாக ஐஸைத் தொடாமல் ஒரு துணியில் சுற்றுங்கள், உறைந்துபோனால் மருந்து வீண். தேங்கிய தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். பால் வாங்க, மோட்டார் பார்க்க வேறு யாராவது போகட்டும்.

கை

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை ஒரு தனிப் பாடம். முழுமையாக எடுத்திருந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் அந்தக் கை வீங்குகிறது. ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு இது மிகவும் குறைவு. உங்களுக்கு எந்த வகை நடந்தது, எத்தனை கணு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

வீக்கம் திடீரென்று வராது. முதலில் வளையல் சொல்லும். நேற்றுவரை சுழன்ற வளையல் இன்று ஏறவில்லை, மோதிரம் பதிகிறது, ரவிக்கைக் கை இறுக்குகிறது, கை கனக்கிறது என்றால் அதே வாரம் பிசியோதெரபி பிரிவுக்குப் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப் போட்டு, மசாஜ் செய்து, அழுத்தமான கையுறை போட்டு இறக்கிவிடலாம். வருடக்கணக்கில் விட்டால் தோல் தடித்துப்போகும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று, அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

அறுவை முடிந்ததும் வீட்டில் எல்லோரும் "அந்தக் கையை அசைக்காதே" என்பார்கள். அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் தவறு. அசைக்காத தோள் இறுகிவிடும். இறுகிய தோளோடு கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேலே வைக்க முடியாது. டாக்டர் சொன்ன நாளில் சுவர் ஏறும் பயிற்சியைத் தொடங்குங்கள். தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் சுவருக்கு எதிரே நின்று, விரல்களைச் சுவரில் சிலந்திபோல மேலே நடத்துங்கள். வலி ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். தேதித்தாளைக் கிழிக்கும்போதெல்லாம் ஒருமுறை. கோடுகள் ஏறிக்கொண்டே போவதைப் பார்ப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது. என் அக்கா வீட்டுச் சுவரில் அந்தக் கோடுகள் காலண்டரைத் தாண்டி ஆணிக்கு மேலே போய் நின்றன. அதற்குப் பிறகு இரண்டு முறை வெள்ளையடித்தும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டாள்.

கனம் தூக்கவே கூடாது என்ற பழைய அறிவுரையும் மாறிவிட்டது. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், கை வீங்கிய பெண்களே மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியபோது வீக்கம் அதிகமாகவில்லை, தொந்தரவுதான் குறைந்தது. 'மெல்ல மெல்ல' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாம். லாரித் தண்ணீர் வந்த அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறித் தொடங்கக் கூடாது. கொடியில் துணி உலர்த்துவதும் நல்ல பயிற்சிதான், ஈரப் போர்வையை மட்டும் வேறு யாராவது போடட்டும். பஸ்ஸில் அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்காதீர்கள். டிரைவர் பிரேக் போட்டால் முழு உடலும் அந்தத் தோளில் இழுபடும். "ஆபரேஷன் ஆன கை, கொஞ்சம் உட்கார இடம் குடும்மா" என்று கேளுங்கள். எழுந்து இடம் தராதவர் அபூர்வம்.

மீன் ஆயும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கையுறை, இரவில் கொசுவலை, தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். பிரஷர் பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் மறு கையை நீட்டுங்கள். அவசரத்தில் யாராவது இந்தக் கையில் எடுத்துவிட்டால் அதற்காக அழ வேண்டாம், ஒருமுறை எடுத்ததால் ஒன்றும் ஆகிவிடாது.

ரவிக்கை

மார்பை முழுவதும் எடுத்தவர்கள் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தோளைக் குறுக்கிக் குறுக்கிக் கூன் விழுகிறது. ஒரு பக்க எடை இல்லாததால் முதுகும் வலிக்கும். சிலிக்கான் செயற்கை மார்பு விலை அதிகம், நம் வெயிலில் வியர்க்கும். பருத்தி நூலில் பின்னியது லேசானது, துவைத்துக் காயவைக்கலாம். வீட்டிலேயே மெல்லிய துணிப் பை தைத்துப் பஞ்சும் எடைக்குக் கொஞ்சம் கடுகும் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. தையல் ஆறி, கதிர்வீச்சும் முடிந்த பிறகு இதெல்லாம்.

தெருவில் ரவிக்கை தைக்கும் பெண்ணிடம் போய்ச் சொல்வதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. அக்காவோடு நான் போயிருந்தேன். அந்தப் பெண் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "உள்ள லைனிங்ல ஒரு பை வச்சுத் தைக்கிறேங்க்கா. மேல திறந்தாப்ல விட்டுடறேன், நீங்க எடுத்துத் துவைச்சுக்கலாம். கை மட்டும் அரை இஞ்சு லூஸா விடறேன்" என்று அளவு நாடாவை எடுத்தாள். கேட்டால், இதற்கு முன்னும் இதே தெருவில் தைத்துக் கொடுத்திருக்கிறாளாம். அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்டவை: ஹூக் முன்பக்கம் இருக்கட்டும், கழுத்து ஒரு விரல் ஏறட்டும், அக்குளில் தையல் பிதுங்காமல் உட்புறம் மடிக்கட்டும், கை விளிம்பில் எலாஸ்டிக் வேண்டாம். கதிர்வீச்சு நாட்களில் ரவிக்கையே வேண்டாம், தளர்ந்த பருத்தி நைட்டி போதும். அந்தத் தோலில் பவுடர், மஞ்சள், சென்ட் எதுவும் படக் கூடாது.

எதையும் வைத்துக்கொள்ளாமல் தட்டையாகவே இருப்பேன் என்பவர்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம். அதில் கணவரோ மகளோ கருத்துச் சொல்ல இடமில்லை.

மாத்திரை வருடங்கள்

ஈஆர் பாசிட்டிவ் என்று வந்தவர்களுக்கு ஐந்து வருடமும் சிலருக்குப் பத்து வருடமும் தினம் ஒரு மாத்திரை. டாமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற ஒன்று. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உடம்பு திகுதிகுவென்று எரிவது, தூக்கம் கெடுவது, மூட்டு வலி, பிறப்புறுப்பு வறட்சி என்று தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது. டாமாக்ஸிஃபென் எடுக்கும்போது ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ காத்திருக்காதீர்கள். மன அழுத்தத்துக்கு மருந்து எழுதும் டாக்டரிடமும் டாமாக்ஸிஃபென் எடுப்பதைச் சொல்லுங்கள். ஃப்ளூயாக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் டாமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கக் கூடியவை. லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும், எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டும். மூட்டு வலிக்கு நடை நல்ல மருந்து. ரேடியல் சாலை ஓரத்துச் சதுப்புநிலப் பூங்காவிலோ மொட்டை மாடியிலோ, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் போதும். குளிர்காலத்தில் பூநாரைகளும் பார்க்கக் கிடைக்கும்.

வறட்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணவன் மனைவி உறவால் நோய் பரவாது, திரும்பியும் வராது. தண்ணீர் சார்ந்த ஜெல் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஈஸ்ட்ரோஜன் கிரீம் மட்டும் கேட்காமல் போடக் கூடாது. டாமாக்ஸிஃபென் காலத்தில் கர்ப்பம் கூடாது என்பதால் காப்பர் டி போல ஹார்மோன் இல்லாத வழியைக் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்று ஆட்கள் லட்டு கொடுப்பார்கள், உங்களுக்கோ பயம் அன்றுதான் ஆரம்பிக்கும். அதுவரை வாரா வாரம் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், இனி இல்லை. இந்தப் பயம் மிகச் சாதாரணம். தூக்கமே போய்விட்டது என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதல் மூன்று வருடம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது, வருடம் ஒரு மேமோகிராம். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு வருடா வருடம் பெட் ஸ்கேனோ, ரத்தத்தில் டியூமர் மார்க்கரோ தேவையில்லை. அவற்றால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை, பணமும் தூக்கமும்தான் போகும். எழுதிக் கொடுத்தால், எதற்காக என்று கேளுங்கள். அதே சமயம் ஓரிடத்தில் விடாத எலும்பு வலி, இரண்டு வாரம் தாண்டிய இருமல், தழும்பில் புதிய முடிச்சு, புதிதாக வந்து போகாத தலைவலி இருந்தால் அடுத்த தேதிவரை பொறுக்காதீர்கள்.

கடைசியாக மகள்களும் தங்கைகளும். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. உங்களுக்கு இளம் வயதில் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வேறு யாருக்காவது இருந்தால், மரபணு ஆலோசனை பற்றிக் கேளுங்கள். அப்பா வழியில் வந்ததும் கணக்கில் சேரும், ஆண்களுக்கும் இந்த நோய் அபூர்வமாக வருகிறது. பொதுவாக உங்களுக்குக் கண்டுபிடித்த வயதிலிருந்து பத்தைக் கழித்து, அந்த வயதில் மகளுக்குப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்வார்கள். 42இல் தெரிந்தது என்றால் மகளுக்கு 32இல். மகளுக்கு இப்போது எட்டு வயதுதான் என்றாலும் அந்த வருடத்தைக் குறித்து, கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.